கேட் எக்ஸ்எல் தாளில் எந்த இரண்டு பிரிவுகளை எழுதுவது?

பொறியியல், அறிவியல் மேற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான கேட் தேர்வின் எக்ஸ்எல் எனப்படும் உயிர் அறிவியல் தாளுக்கு முதன்முறையாக விண்ணப்பிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியில்தான் தயங்கி நிற்கிறார்கள். தாளில் உள்ள ஐந்து விருப்பப் பிரிவுகளில் எந்த இரண்டைத் தேர்ந்தெடுப்பது என்பதே அந்தக் கேள்வி. பட்டப்படிப்பின் பெயரைப் பார்த்து அந்தப் பாடத்தையும், நண்பர்கள் சொன்னார்கள் என்று இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் படித்துவிட்டு, தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு மனம் மாறி வேறு பிரிவைப் புரட்டும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பழைய வினாத்தாள்களையும் ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் செலவழித்தால், இந்த முடிவை ஐயத்துக்கு இடமின்றி எடுத்துவிட முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தாளின் அமைப்பு

முதலில் தாளின் கணக்கை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சென்னை உள்ளிட்ட ஏழு ஐஐடிகளும் முறைவைத்து நடத்தும் இத்தேர்வு, கணினியில் எழுதும் 3 மணி நேரத் தேர்வு. மொத்தம் 65 வினாக்கள், 100 மதிப்பெண்கள். இதில் பொதுத்திறன் பகுதி அனைவருக்கும் பொதுவானது. அதில் 10 வினாக்களுக்கு 15 மதிப்பெண்கள். பி பிரிவான வேதியியல் கட்டாயமானது. 15 வினாக்களுக்கு 25 மதிப்பெண்கள். எஞ்சிய 60 மதிப்பெண்களை நாம் தேர்ந்தெடுக்கும் இரண்டு பிரிவுகள் தலா 30 எனப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு விருப்பப் பிரிவிலும் ஒரு மதிப்பெண் வினாக்கள் 10, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10 என 20 வினாக்கள் இருக்கும்.

கியூ பிரிவு உயிர்வேதியியல், ஆர் பிரிவு தாவரவியல், எஸ் பிரிவு நுண்ணுயிரியல், டி பிரிவு விலங்கியல், யூ பிரிவு உணவுத் தொழில்நுட்பம். எந்தப் பட்டம் படித்தவரும் இவற்றில் எந்த இரண்டையும் எழுதலாம். தாவரவியல் படித்தவர் தாவரவியலைத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. பிரிவுவாரியாகத் தனித்தனித் தகுதி மதிப்பெண்ணும் கிடையாது. மொத்த மதிப்பெண்ணே தகுதியையும் தரவரிசையையும் முடிவு செய்கிறது. ஆகவே எந்த இரண்டு பிரிவுகள் சேர்ந்து நமக்கு அதிக மதிப்பெண் தரும் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டுமே தவிர, எது உயர்ந்த பாடம், எது எளிய பாடம் என்ற விவாதத்துக்கு இங்கே இடமில்லை.

இன்னொரு விதியைப் பலர் தெரிந்துகொள்ளாமலே தேர்வறைக்குப் போகிறார்கள். விருப்பப் பிரிவுகளைத் தேர்வு நேரத்தில், வினாக்களைப் பார்த்த பிறகும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பிரிவுகளுக்கு மட்டுமே விடையளிக்க முடியும். இடையில் மூன்றாவது பிரிவுக்கு மாற விரும்பினால், முன்பு தேர்ந்தெடுத்த ஒன்றை முதலில் நீக்கியாக வேண்டும். இந்த வசதி அவசரத்துக்கு உதவுமே ஒழிய, அதை நம்பித் தயாரிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டில் இந்தப் பகுதியை ஒருமுறை சொல்லுக்குச் சொல் படித்துவிடுங்கள்.

சேர விரும்பும் படிப்பிலிருந்து தொடங்குங்கள்

பிரிவைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு, கேட் மதிப்பெண்ணைக் கொண்டு எங்கே போகப் போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். எம்.டெக். படிப்பா, பிஎச்.டி. ஆய்வா, எந்தெந்த நிறுவனங்கள், எந்தெந்தத் துறைகள் என்று ஐந்தாறு பெயர்களை எழுதி, அவற்றின் சென்ற ஆண்டுச் சேர்க்கை அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். சில இடங்களில் எக்ஸ்எல் தாள் மதிப்பெண் இருந்தாலே போதும் என்றிருக்கும். வேறு சில இடங்களில் குறிப்பிட்ட ஒரு பிரிவை எழுதியிருக்க வேண்டும் என்ற வரி இருக்கலாம். உணவுத் தொழில்நுட்பத் துறைகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். கேட் மதிப்பெண் முடிவு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால், இந்த ஆண்டு மட்டுமன்றி அடுத்த இரண்டு ஆண்டுகளில் விண்ணப்பிக்கக்கூடிய இடங்களையும் பட்டியலில் சேர்ப்பது நல்லது.

ஆய்வுப் படிப்புக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. அங்கே நீங்கள் விரும்பும் ஆய்வுத் துறையிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள். மதிப்பெண் ஏறக்குறைய சமமாக வரும் இரண்டு பிரிவுகளுக்கிடையே ஊசலாடும்போது, நேர்முகத்துக்கும் உதவுகிற பிரிவின் பக்கம் சாய்வது அறிவுடைமை.

பாடத்திட்டத்தைப் படிக்கும் முறை

அடுத்து வேதியியல் உட்பட ஆறு பிரிவுகளின் பாடத்திட்டத்தையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று குறிகளில் ஒன்றை இடுங்கள். கல்லூரியில் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தால் ஒரு குறி. பள்ளியில் மட்டும் படித்திருந்தால் இன்னொரு குறி. கேள்விப்பட்டதே இல்லை என்றால் மூன்றாவது குறி. இதைச் செய்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். தலைப்பின் பெயர் தெரிந்திருப்பதை அந்தத் தலைப்பே தெரிந்திருப்பதாக எடுத்துக்கொள்ளும் தவறு இங்கேதான் நேர்கிறது. நான் இளங்கலையில் விலங்கியல் படித்தவன். முதல் முறை எழுதியபோது, உயிரியல் என்றால் விலங்கும் தாவரமும்தானே என்ற எண்ணத்தில் விலங்கியலோடு தாவரவியலையும் எடுத்துக்கொண்டேன். தாவர வகைப்பாடும் உள்ளமைப்பியலும் பிளஸ் டூ அளவில்தான் எனக்குத் தெரியும் என்பது தேர்வறையில்தான் புலப்பட்டது. அடுத்த முறை தாவரவியலை விட்டுவிட்டு உயிர்வேதியியலைத் தேர்ந்தெடுத்தேன். அந்த மாற்றம் எனக்குப் பெரிதும் உதவியது.

ஐந்து பிரிவுகளின் இயல்பையும் என் பார்வையில் சொல்கிறேன்.

உயிர்வேதியியல், மனப்பாடத்தைவிடக் காரண அறிவையும் கணக்கையும் அதிகமாகக் கேட்கும் பிரிவு. நொதி வினைவேகம், புரத அமைப்பு, வளர்சிதை மாற்றம், உயிர் ஆற்றலியல், குரோமட்டோகிராபி போன்ற பிரித்தெடுக்கும் முறைகள், மூலக்கூறு உயிரியல், நோய் எதிர்ப்பியல் ஆகியவை இதில் அடங்கும். இப்படி ஒரு வினாவை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு நொதியின் மைக்கேலிஸ் மாறிலி 2 மில்லிமோலார், தடுப்பு மாறிலி 1 மில்லிமோலாராக உள்ள ஒரு போட்டித் தடுப்பி 3 மில்லிமோலார் செறிவில் சேர்க்கப்படுகிறது, வேகம் உச்ச வேகத்தில் பாதியாக இருக்க வேண்டுமானால் வினைபடுபொருளின் செறிவு எவ்வளவு? தடுப்பி இருக்கும்போது மைக்கேலிஸ் மாறிலி, ஒன்றுடன் மூன்றைக் கூட்டிய நான்கு மடங்காக உயர்ந்து 8 மில்லிமோலார் ஆகிறது. வேகம் உச்சத்தில் பாதியாகும் செறிவைத்தான் மைக்கேலிஸ் மாறிலி குறிக்கிறது என்பதால் விடையும் அதுவே. சமன்பாட்டின் பொருள் தெரிந்தவருக்கு இது அரை நிமிட வேலை. பாதை வரைபடங்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு மூன்று நிமிடம் போயும் கைக்கு வராது. இதைப் படித்தபோது உங்களுக்கு ஆர்வம் தோன்றியதா, அச்சம் தோன்றியதா என்பதே ஒரு நல்ல அறிகுறி.

நுண்ணுயிரியலில் பரப்பு குறைவு. அதனால் குறுகிய காலத்தில் முழுமையாக முடிக்கக்கூடிய பிரிவாக இதைக் கருதுகிறேன். கிருமி நீக்க முறைகள், நுண்ணோக்கிகள், நுண்ணுயிர் வளர்ச்சி, வகைப்பாடு, நுண்ணுயிர் மரபியல், நோய்கள், நுண்ணுயிர்க்கொல்லிகள் என்று தலைப்புகள் தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன. பெனிசிலின் செல்சுவரின் குறுக்குப் பிணைப்பைத் தடுக்கிறது, ஸ்ட்ரெப்டோமைசின் ரைபோசோமின் சிறிய துணை அலகையும் குளோராம்பெனிக்கால் பெரிய துணை அலகையும் தாக்குகின்றன என்பது போன்ற திட்டவட்டமான செய்திகள் நிறைய உண்டு. கணக்குகளும் எளியவை. 1,000 செல்கள் 3 மணி நேரத்தில் 64,000 ஆகின்றன என்றால், 64 என்பது இரண்டின் ஆறாம் அடுக்கு, ஆறு தலைமுறைகள், ஒரு தலைமுறைக்கு 30 நிமிடம்.

விலங்கியல் பரந்த கடல். விலங்கு வகைகள், பரிணாமம், மரபியல், செல் உயிரியல், உடற்செயலியல், ஒட்டுண்ணியியல், நோய் எதிர்ப்பியல், கருவளர்ச்சி, சூழலியல், விலங்கு நடத்தை எல்லாம் இதில் உண்டு. பெரும்பாலான தலைப்புகளில் ஆழம் குறைவாகவும் எண்ணிக்கை மிகுதியாகவும் இருக்கும். ஒரு மக்கள்தொகையில் 4 சதவீதத்தினரிடம் ஒடுங்கு பண்பு காணப்படுகிறது என்றால், ஹார்டி–வெயின்பெர்க் சமநிலையில் ஒடுங்கு அல்லீலின் அலைவெண் 0.2, கலப்புமரபினரின் பங்கு 0.32 என்று கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும்; அடுத்த வினாவிலேயே முட்தோலிகளின் நீர்க்குழல் மண்டலத்துக்குத் தாவவும் வேண்டும். மூன்றாண்டு விலங்கியலை ஊன்றிப் படித்தவர்களுக்கு இது பழகிய நிலம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

தாவரவியலும் அதே போன்றதுதான், ஆனால் இன்னும் தனித்தன்மை உடையது. வகைப்பாட்டியல், உள்ளமைப்பியல், பொருளாதாரத் தாவரவியல், தாவர நோயியல் ஆகியவற்றில் படிப்பது வேறு எந்தப் பிரிவுக்கும் உதவாது. மால்வேசி, ஃபேபேசி குடும்பங்களின் மலர்ப் பண்புகளும், கிரான்ஸ் உள்ளமைப்பும், கரும்பின் செவ்வழுகல் நோய்க்குக் காரணமான பூஞ்சையின் பெயரும் தாவரவியல் மாணவருக்கு இயல்பாக வரும். மற்றவர் ஒவ்வொன்றையும் புதிதாக ஏற்ற வேண்டியிருக்கும்.

உணவுத் தொழில்நுட்பத்தில் பாதி பொறியியல். 10 சதவீதத் திடப்பொருள் கொண்ட 100 கிலோ பழச்சாற்றை 40 சதவீதத்துக்குச் செறிவூட்டினால் எவ்வளவு நீரை நீக்க வேண்டும் என்று கேட்டால், திடப்பொருள் 10 கிலோ மாறாமல் நிற்பதால் இறுதி எடை 25 கிலோ, நீக்கும் நீர் 75 கிலோ என்று எழுதுவதற்கு உயிரியல் அறிவே தேவையில்லை. வெப்பப் பரிமாற்றமும் உலர்த்தலும் பாடமாகப் படிக்காத அறிவியல் பட்டதாரிகள் இதைத் தவிர்ப்பது நல்லது. அவற்றைப் படித்தவர்கள் தயங்காமல் எடுக்கலாம்.

இணையாகப் பாருங்கள்

தனித்தனியாக நன்றாக இருக்கும் இரண்டு பிரிவுகளைவிட, ஒன்றுக்கொன்று துணை செய்யும் இரண்டு பிரிவுகளே குறைந்த உழைப்பில் அதிக மதிப்பெண் தரும். இந்த இடத்தில் கட்டாய வேதியியலை மறந்துவிடக் கூடாது. அந்த 25 மதிப்பெண்ணுக்காக எப்படியும் படிக்கப்போகும் பகுதி, எந்த விருப்பப் பிரிவுக்கு மறுபடியும் பயன்படுகிறது என்று பாருங்கள்.

வேதியியலில் அமில–காரச் சமநிலையைப் படிக்கிறோம். கிளைசினின் இரண்டு பிகே மதிப்புகளான 2.34, 9.60 ஆகியவற்றின் சராசரியான 5.97 அதன் சமமின் புள்ளி என்று உயிர்வேதியியலில் கணக்கிடும்போது அதே அறிவுதான் தேவைப்படுகிறது. வேதியியலில் மின்வேதியியலைப் படிக்கிறோம். என்ஏடிஹெச் மூலக்கூறிலிருந்து ஆக்சிஜனுக்கு இரண்டு எலக்ட்ரான்கள் செல்லும்போது 1.14 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டினால் மோலுக்குச் சுமார் 220 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுவதும் அங்கே படிக்கும் சமன்பாட்டிலேயே அடங்குகிறது. அதே பாடத்தில் வரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை நரம்பு செல்லின் பொட்டாசியத்துக்குப் பயன்படுத்தி, வெளியே 5, உள்ளே 140 மில்லிமோலார் என்று வைத்தால், உடல் வெப்பநிலையில் ஏறத்தாழ மைனஸ் 89 மில்லிவோல்ட் கிடைக்கிறது. இது உயிர்வேதியியலுக்கும் விலங்கியலின் உடற்செயலியலுக்கும் உதவும். வினைவேகவியல் நொதிகளுக்கும் நுண்ணுயிர் வளர்ச்சிக்கும் அடித்தளமாக இருக்கிறது. இப்படி ஒரு முறை உழுது இரு முறை அறுவடை செய்யும் வாய்ப்பு வேறு எங்கும் இவ்வளவு கிடைப்பதில்லை என்பதால், வேதியியலில் வெறுப்பு இல்லாதவர்கள் இரண்டில் ஒன்றாக உயிர்வேதியியலை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதனோடு சேரும் இரண்டாவது பிரிவு உங்கள் பட்டத்தைப் பொறுத்தது. நுண்ணுயிரியலுடன் சேர்த்தால் வளர்சிதை மாற்றம், நோய் எதிர்ப்பியல், மூலக்கூறு மரபியல் மூன்றும் பொதுவாகின்றன. விலங்கியலுடன் சேர்த்தால் செல் உயிரியலும் மூலக்கூறு உயிரியலும் நோய் எதிர்ப்பியலும் பொதுவாகின்றன. தாவரவியலுடன் சேர்த்தால் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் பொதுவாகின்றன. பரப்பு குறைவுதான், ஆனால் தாவரவியல் பட்டதாரிக்கு அதுவே போதும். உணவுத் தொழில்நுட்ப மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் இயல்பான துணை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தாவரவியலோ விலங்கியலோ படித்தவர்கள் பலர் வேதியியலைத் துணைப்பாடமாகப் படித்திருப்பார்கள். அந்த அலைடு கெமிஸ்ட்ரி குறிப்பேட்டைத் தேடி எடுங்கள். இத்தேர்வின் வேதியியல் பகுதிக்கு அது நல்ல தொடக்கம். எளிதில் தூக்கிப்போட்டுவிட வேண்டாம்.

கடிகாரம் வைத்து எழுதிப் பார்ப்பது

இதுவரை செய்ததிலிருந்து மூன்று பிரிவுகள் உங்கள் கையில் எஞ்சியிருக்கும். இனி நினைப்பை நிறுத்திவிட்டு அளந்து பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் கேட் தேர்வின் அதிகாரபூர்வ இணையதளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அண்மைய மூன்று ஆண்டுகளின் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வினாவகை 2021ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய தாள்கள் பாடத்தைப் படிக்க உதவினாலும், இந்த அளவீட்டுக்கு ஏற்றவை அல்ல.

ஒரு நாளைக்கு ஒரு பிரிவு, ஒரு பிரிவுக்கு 50 நிமிடம் என்று வைத்து எழுதுங்கள். கைக் கால்குலேட்டரைத் தொட வேண்டாம். தேர்வில் திரையில் தெரியும் கால்குலேட்டரைச் சுட்டியால் அழுத்தித்தான் பயன்படுத்த முடியும், அதில் வேகம் குறையும். ஒவ்வொரு விடையின் அருகிலும் உறுதியாகத் தெரிந்து எழுதியதா, ஊகித்து எழுதியதா என்று அப்போதே குறித்துவிடுங்கள்.

மதிப்பிடும்போது தேர்வின் விதியையே பின்பற்றுங்கள். நான்கில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாவில் தவறான விடைக்கு அதன் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். பல விடைகளைத் தெரிவு செய்யும் வினாவுக்கும், எண்ணை நேரடியாக உள்ளிடும் வினாவுக்கும் கழிவு இல்லை. ஆனால் பல விடை வினாவில் ஒரு தெரிவு விட்டுப்போனாலும் மதிப்பெண் கிடைக்காது. நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நீண்ட கணக்கில் லாபமும் நட்டமும் சமமாகிப் பூஜ்யமே மிஞ்சும் என்பதைப் போட்டுப் பாருங்கள். ஒரு தெரிவையாவது தவறென்று நீக்க முடிந்தால்தான் ஊகம் சிறிதளவு பலன் தரும்.

இப்போது கிடைத்த எண்களை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த வழிமுறையின் உயிர்நாடி. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, ஒரு மாணவிக்கு விலங்கியலில் 17, உயிர்வேதியியலில் 14, நுண்ணுயிரியலில் 16 வருவதாக வைத்துக்கொள்வோம். விலங்கியலின் 17இல் ஐந்து மதிப்பெண் ஊகத்தில் வந்தது; இழந்தவை பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு தலைப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. உயிர்வேதியியலின் 14 முழுவதும் உறுதியாகத் தெரிந்து எழுதியது. இழந்தவற்றில் எட்டு மதிப்பெண் நொதிக் கணக்கிலும் ஆற்றல் கணக்கிலும் மட்டும் போயிருக்கிறது. சிதறிக் கிடக்கும் இழப்பை மீட்க முழுப் பாடத்திட்டத்தையும் மறுபடி உழ வேண்டும். ஓரிடத்தில் குவிந்திருக்கும் இழப்பை இரண்டு வாரப் பயிற்சியில் மீட்கலாம். அந்த மாணவி எடுக்க வேண்டியவை உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும். இன்று குறைவாக இருக்கும் மதிப்பெண், தேர்வு நடக்கும் பிப்ரவரிக்குள் எவ்வளவு உயரக்கூடும் என்பதைத்தான் நாம் ஒப்பிடுகிறோம்.

தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இன்னொன்றையும் அளக்க வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். நொதி என்றும் இழைமணி என்றும் நன்றாகத் தெரிந்திருந்தும், ஆங்கில வினாவின் நீண்ட வாக்கியத்தில் எது கேட்கப்படுகிறது என்று கண்டுபிடிக்க நேரம் போனால், அது பாட அறிவின் குறை ஆகாது. அப்படி இழந்த வினாக்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். கணக்கு மிகுந்த பிரிவுகளில் வாக்கியங்கள் ஒரே அச்சில் அமைவதால் இந்தச் சிக்கல் விரைவில் தீர்ந்துவிடும். விலங்கு நடத்தை, சூழலியல் போன்ற விவரிப்புப் பகுதிகளில் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கும்.

முடிவெடுத்த பிறகு

இரண்டு பிரிவுகளையும் உறுதி செய்த தேதியைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மூன்றாவது பிரிவின் புத்தகங்களை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். விண்ணப்பம் தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்குள் இந்த முடிவு வந்துவிட்டால் படிக்கப் போதிய காலம் இருக்கும். நவம்பர் இறுதியில் ஒரே ஒரு முறை மறுபரிசீலனை செய்யலாம். முன்பு தொடாத ஒரு தாளை எழுதிப் பார்த்து, தேர்ந்தெடுத்த பிரிவில் மதிப்பெண் சிறிதும் ஏறவில்லை என்றால் மட்டும் மாற்றுங்கள். டிசம்பருக்குப் பிறகு மாற்றாதீர்கள். அப்போது எழும் ஆசை பெரும்பாலும் களைப்பிலிருந்து வருவது.

மூன்றாவது பிரிவு உங்களுக்கு ஓரளவு தெரிந்திருந்தால் அதைக் கையிருப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். தேர்வு நாளில் பொதுத்திறனுக்கு 25, வேதியியலுக்கு 40, விருப்பப் பிரிவுகளுக்குத் தலா 50 என்று பிரித்தால் 165 நிமிடங்கள் போக 15 நிமிடங்கள் மிஞ்சும். முதலில் வலுவான விருப்பப் பிரிவை எழுதி முடியுங்கள். இரண்டாவது பிரிவைத் திறந்ததும் விடையளிக்கத் தொடங்காமல் 20 வினாக்களையும் இரண்டு நிமிடத்தில் மேலோட்டமாகப் பாருங்கள். உறுதியாகத் தெரிந்தவை ஏழெட்டுக்கும் குறைவாக இருந்தால், கையிருப்புப் பிரிவையும் அதேபோல் இரண்டு நிமிடம் பார்த்து, எண்ணிக்கை தெளிவாகக் கூடுதலாக இருந்தால் அப்போதே மாறிக்கொள்ளுங்கள். பத்து வினாக்களுக்கு விடையளித்த பிறகு மாறினால் அதுவரை செலவழித்த நேரம் முழுவதும் வீண். நீக்கப்பட்ட பிரிவின் விடைகள் மதிப்பெண் கணக்கில் சேராது. மிஞ்சிய 15 நிமிடங்களில் எண் உள்ளிடும் வினாக்களை மட்டும் மறுபடி பாருங்கள். தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் கேட்டிருக்கிறார்கள், அலகு மில்லியா மைக்ரோவா என்பதைச் சரிபார்த்துவிட்டு, மேலே திரையில் நீங்கள் தேர்ந்தெடுத்ததாகக் காட்டப்படும் இரண்டு பிரிவுகளும் நீங்கள் விடையளித்த அதே இரண்டுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.